ஹை கிராஸ்: இரண்டு ரோமானியச் சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஏன் ஊர் வளரவில்லை?

வழிப்போக்கன் (கேள்வி)

இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர், வாரிக்ஷயர் எல்லையில் இருக்கும் ஹை கிராஸ் பற்றிக் கேட்கிறேன். வாட்லிங் ஸ்ட்ரீட்டும் ஃபாஸ் வேயும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி அது. ரோமானியர் காலத்தில் அங்கே வெனோனே என்ற ஊர் இருந்தது. இன்றைய வரைபடத்தில் பார்த்தால் சில வீடுகள், வயல்கள், ஒரு பழைய நினைவுத்தூண், அவ்வளவுதான். இப்படிப்பட்ட சந்திப்பில் பெரிய ஊர் எழுந்திருக்க வேண்டாமா?

இன்னும் சில சந்தேகங்கள். லைடார் படத்தில் (விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்து வரைந்த படம்) ஃபாஸ் வேயின் தடம் பளிச்சென்று தெரிகிறது, வாட்லிங் ஸ்ட்ரீட் பக்கம் மட்டும் மங்கலாக இருக்கிறது. ஏன்? நேரில் பார்க்க எந்தப் பக்கமாகப் போவது நல்லது? மெட்டல் டிடெக்டர் எடுத்துப் போகலாமா?

எல்லைக்கல் (பதில்)

சாலை இருந்தால் ஊர் வளரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ரோமானியர் போனபிறகு இங்கிலாந்தில் பல இடங்களில் அப்படி நடக்கவில்லை. ஹை கிராஸ் உட்கார்ந்திருப்பது மேட்டு நிலத்தில். அந்த வட்டாரத்தில் ஒரு பக்கம் விழும் மழை சோர் ஆற்றில் சேர்ந்து ட்ரெண்ட் வழியாக வடகடலுக்குப் போகும். மறுபக்கம் ஏவன் ஆற்றுக்கும் செவர்னுக்கும் போகும். படை நடக்க மேடு வசதி. ஆனால் ஆலை ஓட்டவும் மாடு கன்று வளர்க்கவும் ஓடும் தண்ணீர் வேண்டும். அதனால் பின்னால் வந்த குடிகள் கிளேபுரூக், ஷார்ன்ஃபோர்ட், விப்டாஃப்ட் என்று ஓரிரு மைல் தள்ளித்தான் அமர்ந்தன.

இரண்டாவது காரணம், சாலையே எல்லையாகிவிட்டது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆல்ஃபிரட் மன்னரும் டேனியத் தலைவர் குத்ரமும் செய்த உடன்படிக்கை, எல்லையை ஔஸ் ஆற்று வழியே வாட்லிங் ஸ்ட்ரீட் வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. இன்றைக்கும் இந்தப் பகுதியில் அந்தச் சாலைதான் லெஸ்டர்ஷயர், வாரிக்ஷயர் என்ற இரண்டு கவுண்டிகளுக்கும் (மாவட்டங்களுக்கும்) எல்லை. எல்லைக்கோட்டில் இருக்கும் இடம் எந்த ஊருக்கும் நடுவாகாது. கோயிலும் சந்தையும் உள்ளே போய்விடும், ஓரத்தில் நாலு வீடு மிஞ்சும்.

குதிரை வண்டிக் காலத்திலும் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பொறியாளர் டெல்ஃபோர்ட் செப்பனிட்ட லண்டன்–ஹோலிஹெட் சாலை, வீடனில் வாட்லிங் ஸ்ட்ரீட்டை விட்டு விலகி கவென்ட்ரி, பர்மிங்காம் வழியாகப் போனது. பெரிய தபால் வண்டிப் போக்குவரத்து அந்தப் பக்கம் போய்விட்டது.

வெனோனே இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமென்றால் ரோமானியச் சாலைகளில் ஊருக்கு ஊர் தூரம் சொல்லும் பழைய ஏடான அன்டோனைன் பயணப் பட்டியலைப் பாருங்கள். வாட்லிங் ஸ்ட்ரீட்டிலேயே இருக்கும் மான்செட்டரிலிருந்து (மான்செஸ்டர் அல்ல) இங்கே 12 ரோமானிய மைல், இங்கிருந்து லெஸ்டருக்கும் 12. ஒரு ரோமானிய மைல் ஏறக்குறைய 1,480 மீட்டர், ஆக 12 மைல் என்பது 17.8 கிலோமீட்டர். வரைபடத்தில் அளந்தால் இரண்டும் ஓரிரு கிலோமீட்டர் வித்தியாசத்தில் ஒத்துவரும்.

மேடுபள்ளம் (பதில்)

லைடார் கேள்விக்கு என் பதில். தடம் அழியவில்லை, வெளிச்சம் வரும் திசைதான் கோளாறு. பெரும்பாலான மென்பொருள்கள் மேடுபள்ளத்துக்கு நிழல் போட்டுக் காட்டும் படத்தை வடமேற்கு வெளிச்சத்தில், அதாவது 315 பாகையில் வரைகின்றன. ஹை கிராஸ் அருகே வாட்லிங் ஸ்ட்ரீட் ஓடுவதே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக. வெளிச்சம் சாலையோடு சேர்ந்தே விழுவதால் மேட்டுக்கு இருபுறமும் நிழல் விழாது. ஃபாஸ் வே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது. அதன்மேல் வெளிச்சம் குறுக்கே விழுகிறது, தடம் எழும்பித் தெரிகிறது.

செய்ய வேண்டியது இதுதான். இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமையின் தளத்தில் 1 மீட்டர் லைடார் தரவை இலவசமாக இறக்கலாம். தரைப்பரப்பு மாதிரியை எடுங்கள், மரமும் கூரையும் சேர்ந்த மாதிரி வேண்டாம், வேலியே எல்லாவற்றையும் மறைத்துவிடும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து வெளிச்சக் கோணத்தை 45 பாகைக்கு மாற்றுங்கள். சூரிய உயரம் 45ஐ 25ஆகக் குறைத்தால் தாழ்ந்த மேடும் தெரியும். உயரத்தை மூன்று மடங்கு பெருக்கிப் பார்ப்பதும் உதவும்.

ஏமாற இடம் உண்டு. நேர்கோடாக ஒரு வரப்பு தெரிந்தால் உடனே ரோமானியச் சாலை என்று முடிவு கட்டாதீர்கள். எரிவாயுக் குழாய் புதைத்த தடமும் அப்படியேதான் இருக்கும். குழாய்த் தடம் வேலிகளையும் பழைய உழவு வரப்புகளையும் சட்டை செய்யாமல் வெட்டிக்கொண்டு போகும். பழைய சாலை என்றால் வேலியும் பாரிஷ் (திருச்சபை வட்டார) எல்லையும் அதை ஒட்டியே ஓடும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பிரிட்டிஷ் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய ஆறு அங்குல (மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, புள்ளிக்கோட்டு எல்லைகளை ஒப்பிடுங்கள். என் கணிப்பில் இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

கூடவே 2018, 2022 கோடை வான்படங்களையும் பாருங்கள். இரண்டும் கடும் வறட்சி ஆண்டுகள். கல் பரப்பின்மேல் நிற்கும் கோதுமை, பார்லி முன்னதாகவே மஞ்சளாகும், பழைய பள்ளத்தின்மேல் பச்சை நீடிக்கும்.

கால்நடை (பதில்)

நேரில் போகிறவர் ஏ5 ஓரமாக நடக்கவே வேண்டாம். வாட்லிங் ஸ்ட்ரீட்தான் இன்றைய ஏ5, லாரிகள் வேகமாகப் போகும் சாலை. ஷார்ன்ஃபோர்ட் பக்கமிருந்து ஃபாஸ் வேயின் தடத்தில் வாருங்கள். சந்திப்புக்கு வடக்கே அது கார் ஓடும் சாலையாக இல்லாததால்தான் பழைய அகலமும் வேலியும் தப்பியிருக்கின்றன. களிமண் பூமி, நவம்பர் முதல் மார்ச் வரை கம்பூட் இல்லாமல் முடியாது. தெற்கே வாரிக்ஷயரில் ஃபாஸ் வேயின் நீண்ட பகுதி பி4455, அதைக் காரில் பார்த்துக்கொள்ளலாம்.

டிடெக்டர் விஷயத்தில் கவனம் தேவை. முதலில் இங்கிலாந்து தேசிய மரபுரிமைப் பட்டியலில் அந்த வயல் பாதுகாக்கப்பட்ட சின்னமா என்று வரைபடத்தில் பாருங்கள். ஆம் என்றால், மரபுரிமைச் சின்னங்களைக் கவனிக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கருவியைப் பயன்படுத்துவதே 1979 சட்டப்படி குற்றம். நிலக்காரர் சரி என்றாலும் போதாது. மற்ற வயல்களில் நிலக்காரரின் அனுமதியை எழுதி வாங்குங்கள். 300 வருஷத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலையும் விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரி) தெரிவிக்க வேண்டும். ஒற்றை நாணயம் பொதுவாக இதில் வராது, ஆனாலும் வட்டாரக் கண்டெடுப்பு அலுவலரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். உழுத மண்ணில் எந்த இடத்தில் கிடைத்தது என்ற குறிப்பு, நாணயத்தைவிட மதிப்பானது.

வழிப்போக்கன்

45 பாகைக்கு மாற்றியதும் வாட்லிங் ஸ்ட்ரீட் தெரிகிறது, நன்றி. அந்தத் தூண் ரோமானியர் வைத்ததா?

எல்லைக்கல்

இல்லை. டென்பி பிரபு பேசில் ஃபீல்டிங்கின் முயற்சியில் சுற்றுவட்டார நிலப்பிரபுக்கள் 1712இல் எழுப்பியது. ஆன் மகாராணி காலத்தில் போர் ஓய்ந்ததற்கான நினைவுச்சின்னம். 1791இல் இடி விழுந்து உடைந்தது, இப்போது நிற்பது எஞ்சிய அடிப்பகுதி. ரோமானியரின் காலடியைத் தேடும் வழிப்போக்கனே, இங்கே பார் என்ற பொருளில் லத்தீன் கல்வெட்டு உண்டு. எழுத்து தேய்ந்துபோயிருப்பதால், வாசகத்தை முன்பே படித்துவிட்டுப் போனால்தான் வரிகளைப் பிரித்தறிய முடியும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பாருங்கள், நடுப்பகலில் ஒரு எழுத்தும் பிடிபடாது.