மறுமொழி: 'சுழல் மின்னோட்டம்' வேண்டாம், 'மின்சுழி' போதும்

அன்பர்களே,

மாறுதிசை மின்னாக்கியில் (ஆல்ட்டர்னேட்டர்) வீணாகும் ஆற்றலை, அதாவது இழப்புகளை, குறிக்க நாம் தமிழ்ச் சொற்பட்டியல் போடும்போது தாமிர இழப்பு (கம்பிச்சுருளில்), இரும்பு இழப்பு (இரும்பு உள்ளகத்தில்) இரண்டும் பேச்சே இல்லாமல் கடந்துவிட்டன. சரிதான், அவற்றில் சண்டை போட ஒன்றுமில்லை. கம்பியில் மின்னோட்டம் போனால் சுடும். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. எனக்குச் சிக்கல், இரும்பு இழப்பின் ஒரு பங்குக்குக் காரணமான 'சுழல் மின்னோட்டம்' (eddy current) என்ற சொல்லில்தான். பாடநூலில் ஊறிப்போனதை ஏன் கிளறுகிறாய் என்பீர்கள். ஒரு பட்டறையில் கிளறிவிட்டார்கள்.

ரீவைண்டிங் முடிந்து வந்த சிறிய ஆல்ட்டர்னேட்டர். வைண்டிங்கின் மின்தடை சரி, காப்பும் சரி. ஆனால் சுமையே கொடுக்காமல் எக்சைட்டேஷன் (ரோட்டரைக் காந்தமாக்கும் மின்னோட்டம்) மட்டும் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டினால் ஸ்டேட்டர் (சுழலாமல் நிற்கும் பகுதி) மேல் கை வைக்க முடியவில்லை. சுமை இல்லை என்றால் ஸ்டேட்டர் கம்பியில் மின்னோட்டமும் இல்லை. அப்புறம் சூடு எங்கிருந்து? பழைய தாமிரத்தை எளிதாக உருவுவதற்காக ஸ்டேட்டரைத் தீயில் வாட்டியிருக்கிறார்கள். ஸ்டேட்டரின் இரும்புத் தகடுகளுக்கு நடுவே காப்பாக இருந்த வார்னிஷும் சேர்ந்து கருகிவிட்டது. "அதனால் சுழல் மின்னோட்டம் கூடிவிட்டது" என்றேன். பட்டறைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுழலுறது ரோட்டர்தானே சார், ஸ்டேட்டர்ல என்ன சுழலுது?" என்றார்.

கேள்வியில் தப்பே இல்லை. சுழல் நாற்காலி என்றால் நாற்காலி சுழலும். சுழல் விளக்கு என்றால் விளக்கு சுழலும். மின்பொறிகளிலேயே 'சுழல் காந்தப்புலம்' என்று ஒன்று இருக்கிறது. அது உண்மையாகவே அச்சைச் சுற்றிச் சுழல்கிற புலம். இப்போது "சுழல் காந்தப்புலம் உள்ளகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது" என்று எழுதிப் பாருங்கள். முதல் 'சுழல்' ஒன்று, இரண்டாவது 'சுழல்' வேறொன்று. மாணவர் இரண்டும் ஒன்றே என்றுதான் நினைப்பார். போதாக்குறைக்கு ரோட்டருக்குச் 'சுழலி' என்று இதே பட்டியலில் வைத்திருக்கிறோம்.

உள்ளே நடப்பது வேறு. ரோட்டர் ஒரு மின்காந்தம். அது சுற்றும்போது ஸ்டேட்டரின் ஒவ்வொரு இடத்திலும் காந்தப்பாயம் (ஊடுருவும் காந்தத்தின் அளவு) ஏறி இறங்கித் திசை மாறுகிறது. அந்த மாற்றம் கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது, அதற்காகத்தான் இயந்திரமே. ஆனால் கம்பியைத் தாங்கி நிற்கும் இரும்பும் மின்கடத்திதானே? அதிலும் மின்னழுத்தம் தூண்டப்படும். வெளியே போக வழியில்லாத மின்னோட்டம் இரும்புக்குள்ளேயே வளையம் வளையமாக ஓடி, இரும்பைச் சூடாக்கி, அங்கேயே முடிந்துபோகிறது. ஆற்றில் பாறைக்குப் பின்னால் நீர் முன்னேறாமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்குமே, அதற்கு நாம் சொல்லும் பெயர் சுழி. eddy என்ற ஆங்கிலச் சொல்லும் அந்த நீர்ச்சுழியிலிருந்து வந்ததுதான். 1855இல் இதைக் கண்டறிந்த பிரெஞ்சு இயற்பியலாளர் பூக்கோவின் பெயராலும் இது வழங்குகிறது.

எனவே என் முன்மொழிவு: மின்சுழி.

இது வெறும் அழகுக்காக இல்லை. சுழி என்றதும் அதற்கு ஓர் அளவு, ஓர் அகலம் மனதில் வந்துவிடுகிறது. உள்ளகத்தை ஒரே கட்டியாக வார்க்காமல் 0.5 அல்லது 0.35 மில்லிமீட்டர் தகடுகளாக வெட்டி, வார்னிஷ் பூசி அடுக்குவது எதற்காக? பெரிய சுழி விழ இடம் கொடுக்காமல் இருக்கத்தான். தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் இந்த இழப்பு கால்வாசியாகிறது. சிலிக்கான் கலப்பது இரும்பின் மின்தடையைக் கூட்டிச் சுழியை மெலிவிக்க. "தகடுகள் ஒட்டிப்போய் மின்சுழி பெரிதாகிவிட்டது" என்று அன்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

மறுப்புகளுக்கு வருகிறேன். 'சுழல்' என்றாலும் நீர்ச்சுழல்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெயர்ச்சொல்லாகத் தனியே நின்றால் உண்மை. இன்னொரு பெயருக்கு முன்னால் நின்றால் அது சுழலும் பொருள் என்றுதான் காதில் விழுகிறது. சுழி என்றால் பூச்சியம் என்றும் பொருள் வருமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. 'சுழி மின்னோட்டம்' என்று வைத்தால் "மின்னோட்டமே இல்லை" என்று படிக்க முடியும். அதனால்தான் வரிசையை மாற்றி, நீர்ச்சுழி போல மின்சுழி என்றேன்.

இரும்பு இழப்பின் மறுபங்கான 'தயக்க இழப்பு' அப்படியே இருக்கட்டும். இரும்புக்கு மனமா இருக்கிறது தயங்குவதற்கு என்று கேட்டவருக்கு: உலோகத்துக்கு அயர்ச்சி வரும் என்று எழுதுகிறோமே, தயக்கம் மட்டும் வரக்கூடாதா? காந்தமாக்கும் புலம் பூச்சியத்துக்கு வந்தபின்னும் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடுகிறது. அதைப் போக்க எதிர்த்திசையில் தள்ள வேண்டும். 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 50 முறை இந்த இழுபறி. இயற்பியலாளர் ஈவிங் 1880களில் ஹிஸ்டெரிசிஸ் என்று பெயரிட்டபோது எடுத்ததும் 'பின்தங்குதல்' என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்தான்.

மீதி ஒன்று இருக்கிறது. ரோட்டர் சுற்றும்போது சுற்றியுள்ள காற்றைக் கலக்குவதால் வரும் இழப்பைப் பட்டியலில் 'காற்று இழப்பு' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அது டயரில் காற்று போனது போல ஒலிக்கிறது. 'காற்றிழுவை' பரவாயில்லை. ஆனால் அனல் மின்நிலையங்களின் பெரிய மின்னாக்கிகள் பலவற்றில் உறைக்குள் காற்றே கிடையாது, ஹைட்ரஜன்தான். காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ 14இல் ஒரு பங்குதான் என்பதால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். 500 மெகாவாட் தரும் இயந்திரத்தில் ஒரு விழுக்காட்டின் பத்தில் ஒரு பங்கே அரை மெகாவாட் ஆயிற்றே. ஆகவே எந்த வாயுவுக்கும் பொருந்தும்படி 'வளியிழுவை இழப்பு' என்று வைக்கலாமா? 'வளி' பேச்சில் இல்லாத சொல் என்ற தயக்கம் எனக்கும் உண்டு. பட்டறையில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.