பதியாத கிரய அக்ரிமெண்ட்: உங்களுக்கு நடந்ததைப் பகிருங்கள்

கீழ்பவானிக்காரன்
2009-ல் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் ஒன்றரை ஏக்கர் கிரயம் பேசினார். 20 ரூபாய்ப் பத்திரத்தில் அக்ரிமெண்ட், பதியவில்லை. முக்கால்வாசிப் பணம் கொடுத்தாயிற்று, நிலமும் அன்றே எங்கள் கைக்கு வந்துவிட்டது. அதிலிருந்து மஞ்சளும் கரும்பும் நாங்கள்தான் போடுகிறோம். எழுதிக் கொடுத்தவர் காலமாகிவிட்டார். அவர் மகன் எங்கள் ஒன்றரை ஏக்கரையும் சேர்த்து முழு சர்வே நம்பரையும் வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கிரயம் செய்துவிட்டார்.

போன மாதம் சர்வேயரோடு புது ஆள் வந்து வரப்பில் நின்றார். மஞ்சள் முழங்கால் உயரம் நிற்கிறது. அப்பா வீட்டுக்கு ஓடிப்போய் அக்ரிமெண்டை எடுத்து வந்து நீட்டினார். அந்த மனிதர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "ஈசியில உங்க பேரே இல்லீங்களே பெரியவரே" (ஈசி என்றால் வில்லங்கச் சான்றிதழ்) என்று சொல்லிவிட்டு சர்வேயரைப் பார்த்து "நீங்க அளங்க சார்" என்றார். அப்பா நீட்டிய கையை மடக்கவே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

குறுவை
பதியாத அக்ரிமெண்ட் வெறும் காகிதம்தான், கோர்ட்டில் நிற்காது. எங்கள் வீட்டில் பதிந்தே சிக்கல். பாபநாசம் பக்கம் நஞ்சை வாங்கப் பேசினோம், விற்பவர்களுக்குப் பூர்வீகச் சொத்து. அக்ரிமெண்டில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கிரயத்தன்று பத்திர ஆபீஸ் வாசலில் ஒரு அம்மா, கையில் வாரிசுச் சான்றிதழ். "என்னைக் கேக்காம யாரு விக்கிறது?" அவர்களுடைய அக்கா. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் அக்கா இருப்பதையே எங்களிடம் சொல்லவில்லை. முன்பணம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

செஞ்சி மேட்டுநிலம்
குறுவை, நீங்கள் சொல்வது தவறு. இப்படிச் சொல்லித்தான் பாதிப் பேர் வழக்கே போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

என் சித்தப்பா வழக்கில் இதே பேச்சு வந்தது. அவருடையது 2014 அக்ரிமெண்ட். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "இதை மார்க் பண்ணவே கூடாது", அதாவது சாட்சி ஆவணமாகச் சேர்க்கவே கூடாது, என்றதும், கூண்டில் நின்ற சித்தப்பா காகிதத்தைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைக்கப் போய்விட்டார். எங்கள் வக்கீல்தான் தடுத்தார்.

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று வந்தது 2012 திருத்தத்தில், அமல் அந்த வருடம் டிசம்பர் 1 முதல். அப்படியும், பதியாத ஒப்பந்தத்தை ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் (பேசியபடி கிரயம் செய்து தரக் கேட்கும் வழக்கு) சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். பதிவுச் சட்டம் 49-ம் பிரிவின் விதிவிலக்கைப் படித்துப் பாருங்கள். உரிமையே வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, கிரயம் எழுதித் தரச் சொல்லிக் கேட்க அந்தக் காகிதம் உதவும்.

குறுவை
சரி, சாட்சியமாக எடுப்பார்கள். ஆனால் கீழ்பவானியின் அப்பா அனுபவத்தில் இருக்கிறாரே, நிலம் அவர் கையில்தானே, அதை வைத்து சொத்து மாற்றச் சட்டம் 53ஏ பிரிவில், நிலத்தை விட்டு வெளியேற்றாமல் இருக்கப் பாதுகாப்பு கேட்க முடியுமா? 2001 செப்டம்பருக்குப் பிறகு எழுதிய ஒப்பந்தம் பதிந்திருந்தால்தான் அது கிடைக்கும்.

செஞ்சி மேட்டுநிலம்
53ஏ கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். அனுபவம் வேறு வழியில் உதவும். விவரம் தெரியாமல், நல்லெண்ணத்தில், பணம் கொடுத்து வாங்கியவரைத்தான் சட்டம் காப்பாற்றும். நிலத்தில் வேறொருவர் பயிர் வைத்திருந்தால், அவருக்கு என்ன பாத்தியம் என்று விசாரிப்பது வாங்குகிறவர் பொறுப்பு. ஈசியில் இல்லை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

கீழ்பவானி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அடங்கல், அதாவது யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று எழுதும் கிராமக் கணக்கு, அதன் நகல் எடுங்கள். தீர்வை ரசீது, ஆலைக்குக் கரும்பு போட்ட சீட்டு எல்லாவற்றையும் சேருங்கள். பாக்கிப் பணத்தோடு அப்பா எப்போதும் தயாராக இருந்தார் என்று காட்ட வேண்டும், இத்தனை வருடத்தில் கிரயம் கேட்டு நோட்டீஸ் ஏதாவது அனுப்பினாரா? உங்கள் வழக்கில் இதுதான் பலவீனமான இடம். அப்புறம் காலவரம்பு. ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அதிலிருந்து 3 வருடம்தான். குறிக்காவிட்டால், தரமாட்டேன் என்று அவர்கள் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கீழ்பவானிக்காரன்
பார்த்தேன். தேதி இல்லை. "உட்பிரிவு செய்து முடித்ததும் கிரயம் எழுதிக் கொடுக்கக் கடவேன்" என்றுதான் இருக்கிறது. உட்பிரிவு இன்றுவரை ஆகவில்லை. நோட்டீஸ் எதுவும் போகவில்லை, ஆனால் அப்பா கிரயம் கேட்டு எழுதிய இரண்டு கடிதத்துக்குப் பதிவுத் தபால் ஒப்புகை அட்டை இருக்கிறது. அடங்கலுக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறோம், அப்பாவும் வருகிறார்.