அடுத்த ஐஎஸ்ஓவை யார் கட்டப் போறீங்க?

தொப்பூர் கணவாய் | சனி, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். டெபியன் லினக்ஸ் மேல தமிழ் வசதி சேர்த்துக் கொடுக்கற நம்ம டிஸ்ட்ரோவோட அடுத்த வெளியீட்டை, அதாவது பென்டிரைவ்ல ஏத்தி மெஷின்ல போடற ஐஎஸ்ஓ கோப்பை, நான் கட்டப் போறதில்ல.

டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9. நாம இன்னும் 12லயே நிக்கறோம். காரணம் நான்தான். ஆரம்பிச்சப்போ அஞ்சு பேர் இருந்தோம். ஒருத்தர் பெங்களூருக்குப் போயிட்டார், இன்னொருத்தர் வீட்டுல கைக்குழந்தை, மத்த ரெண்டு பேர் இங்க வந்து கட்டைவிரல் மட்டும் காட்டிட்டுப் போறாங்க. நம்ம பேக்கேஜ் எல்லாம் இருக்கற ரெப்போவுக்கு ‘இது நாங்க கொடுத்ததுதான்’னு கையெழுத்துப் போடற ஜிபிஜி சாவி என் லேப்டாப்புல மட்டும்தான் இருக்கு. நான் தினம் போற ரோடு எதுன்னு என் பேரைப் பார்த்தாலே தெரியும். ஒருநாள் லாரிக்கு அடியில அந்தப் பை போச்சுன்னா அதோட டிஸ்ட்ரோவும் போச்சு.

என் யோசனை இதுதான். தனி ஐஎஸ்ஓவை நிறுத்திடலாம். தமிழுக்காக நாம சேர்க்கறதை எல்லாம் ஒரே மெட்டா பேக்கேஜா (ஒண்ணைப் போட்டா மத்ததையெல்லாம் தானே இழுத்துக்கற பேக்கேஜ்) ஆக்கி, சுத்தமான டெபியன் மேல போட்டுக்கற மாதிரி கொடுக்கலாம். நாம செஞ்ச மாற்றத்துல தேறுறதை டெபியனுக்கே அனுப்பிடலாம். தேறாததைத் தூக்கிப் போட்டுடலாம்.

மாங்கூழ் | சனி, இரவு 10.41

அண்ணா, நீங்க களைச்சுப் போயிருக்கீங்க, புரியுது. அதுக்காக ஓடு மாத்தறதுக்குப் பதிலா வீட்டையே இடிப்பாங்களா?

போன மாசம் அஞ்செட்டி தாண்டி ஒரு டியூஷன் சென்டர்ல ஆறு லேப்டாப்புக்குப் போட்டுட்டு வந்தேன். அங்க போன்ல டவர் வேணும்னா மொட்டை மாடிக்கு ஏறணும். கையில இருந்தது ஒரு பென்டிரைவ். போட்டு முடிச்சு மெஷினைத் திறந்ததும் தமிழ்99 விசைப்பலகை வேலை செஞ்சுது, எழுத்துரு சரியா இருந்துச்சு, பிள்ளைங்க பேரை அடிச்சுப் பார்த்துச் சிரிச்சாங்க. உங்க மெட்டா பேக்கேஜை அங்க எதுலேருந்து இறக்கறது? ஆகாயத்துலேருந்தா?

இன்னொண்ணு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சு போச்சு. 11 போடணும்னா டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் கேக்குது, பழைய பிராசசரை ஒத்துக்க மாட்டேங்குது. பழைய லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ஜனங்க நம்மளத் தேடி வர்ற நேரம் இது. சீசன் தொடங்குறப்ப போய் மண்டிய மூடுவாங்களா யாராவது?

ஓசூர் நைட் ஷிப்டு | ஞாயிறு, அதிகாலை 2.15

டீ பிரேக்ல எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

நாம எதுக்காகத் தனி ஐஎஸ்ஓ ஆரம்பிச்சோம்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? வைஃபைக்காக. அப்ப டெபியனோட அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓல வைஃபை சிப்பை ஓட்டற ஃபர்ம்வேர் இருக்காது. போட்டு முடிச்சதும் நெட் வராது, நெட் இல்லாம ஃபர்ம்வேர் இறக்க முடியாது. குடத்துக்குள்ள கைய விட்டு மாட்டிக்கிட்ட கதை. அதுக்குத்தான் நாமளே உள்ள சேர்த்துக் கட்டினோம்.

2022ல டெபியன்காரங்க ஓட்டெடுப்பு நடத்தி அதை மாத்திட்டாங்க. 12லேருந்து அவங்க ஐஎஸ்ஓலயே ஃபர்ம்வேர் இருக்கு. நோய் போயிடுச்சு, நாம இன்னும் கஷாயம் காய்ச்சிக்கிட்டிருக்கோம்.

மாங்கூழ் | ஞாயிறு, காலை 6.50

எல்லா நோயும் போகல. பழைய பிராட்காம் சிப் இருக்கற லேப்டாப்பைத் தொட்டிருக்கீங்களா? அதுக்கு வேண்டிய பி43 ஃபர்ம்வேரை விநியோகிக்க உரிமம் கிடையாது, அதனால டெபியன் ஐஎஸ்ஓல அது இல்ல. இன்ஸ்டாலர் பேக்கேஜ் நெட்டுலேருந்துதான் இழுக்கும். நாம இன்னொரு டிரைவரை, அதைக் கட்டத் தேவையான கெர்னல் ஹெடரோட சேர்த்து உள்ளயே வச்சிருக்கறதாலதான் அது எழுந்திரிக்குது. ஓசூர்ல உக்காந்துக்கிட்டு ஃபைபர் லைன்ல பேசறது சுலபம் சார்.

ஓசூர் நைட் ஷிப்டு | ஞாயிறு, காலை 7.05

போனை யுஎஸ்பில சொருகி டெதரிங் போட்டா முடிஞ்சுது. ஃபைபர் லைனா? நான் இருக்கறது மூணு பேர் ஷேரிங் ரூம் தம்பி.

தொப்பூர் கணவாய் | ஞாயிறு, காலை 9.30

சண்டை வேண்டாம். மாங்கூழ், பிராட்காம் விஷயத்துல நீ சொல்றது சரி. ஆனா நான் இதுவரைக்கும் இங்க சொல்லாத ஒண்ணு இருக்கு, இப்ப சொல்லிடறேன்.

நம்ம ரெப்போல சொந்தமா மாத்திக் கட்டின பேக்கேஜ்ல பிரிண்டரை ஓட்டற கப்ஸ் சம்பந்தப்பட்டது ஒண்ணு இருக்குல்ல? அரூர் அக்கா கடை பிரிண்டருக்காகச் செஞ்சது. டெபியன் அப்டேட் வந்து நம்ம மாற்றத்தை அழிச்சிடக்கூடாதுன்னு அதுக்கு, பேக்கேஜை இறக்கிப் போடற ஆப்ட்ல 1001 முன்னுரிமை வச்சிருந்தேன். டெபியன்ல எவ்வளவு புது வெர்ஷன் வந்தாலும் நம்மளுதுதான் ஜெயிக்கும்.

2024 செப்டம்பர் 26 அன்னிக்கு நெட்வொர்க்குல பிரிண்டரைத் தேடற கப்ஸ்-பிரவுஸ்டு நிரல்ல இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்துச்சு. யுடிபி 631 போர்ட்ல யார் எது அனுப்பினாலும் அது வாங்கிக்கும். போலி பிரிண்டர் ஒண்ணை உள்ள நுழைச்சிட்டு, நாம பிரிண்ட் கொடுக்கற நேரத்துல அவங்க கட்டளையை நம்ம மெஷின்ல ஓட்டலாம். டெபியன் உடனே சரி பண்ணிட்டாங்க. நம்ம மெஷின் எதுக்கும் அந்தத் திருத்தம் போகல. நான் வச்ச 1001 வாசல்ல நின்னு தடுத்துக்கிட்டிருந்துச்சு. அப்ப அப்பாவைச் சேலத்துல ஆஸ்பத்திரில வச்சிருந்தோம். பதினோரு நாள் கழிச்சுத்தான் மெயிலையே பார்த்தேன். பதினோரு நாள். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது.

அன்னிலேருந்து ‘ஐஎஸ்ஓ’ன்னு யாராவது சொன்னாலே வயித்தைப் பிசையுது.

அரூர் டிடிபி | ஞாயிறு, காலை 10.12

தம்பி, இதை ஏன் அப்பவே சொல்லல? அது போகட்டும், அப்பா இப்ப நல்லா இருக்காங்களா?

அந்தப் பிரிண்டர் போன ஆடியிலயே காயலான் கடைக்குப் போயிடுச்சு. எடைக்குத்தான் போட்டேன். அதுக்காக நீங்க இன்னும் பேக்கேஜ் கட்டிக்கிட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது.

ஓசூர் நைட் ஷிப்டு | ஞாயிறு, காலை 10.15

😂😂 இல்லாத மருமகளுக்கு வளைகாப்பு.

தொப்பூர் கணவாய் | ஞாயிறு, காலை 10.20

அப்பா நல்லா இருக்கார் அக்கா. பேக்கேஜை இன்னிக்கே தூக்கிடறேன்.

பர்கூர் வாத்தியார் | ஞாயிறு, பகல் 12.40

இழை முழுவதையும் வாசித்தேன். இரண்டு செய்திகளை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

நார்வேயில் 2001இல் பள்ளிகளுக்காக ஸ்கோலிலினக்ஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். நம்மைப் போலத் தன்னார்வலர்கள்தாம். 2003இல் அது டெபியன் எடு திட்டத்தோடு இணைந்து டெபியனுக்கு உள்ளேயே போய்விட்டது. பெயரும் அழியவில்லை, பணியும் நிற்கவில்லை. கணவாய் கேட்பது இந்த வழியைத்தான். இதில் மானக்கேடு எதுவும் இல்லை.

ஆனால் கணவாய் சொல்வதுபோல அது எளிதும் அல்ல. டெபியனுக்குள் ஒரு புதிய பேக்கேஜ் நுழைய வேண்டுமென்றால், அங்கே உரிமை பெற்ற ஒருவர் அதைச் சரிபார்த்து நமக்காக ஏற்ற வேண்டும். அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்கே மாதங்கள் ஆகலாம். வெளியீட்டுக்கு முன் புதியவற்றை ஏற்காத உறைநிலைக் காலம் தொடங்குவதற்குள் நுழையத் தவறினால், அடுத்த வெளியீட்டுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை அஞ்செட்டிப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆகவே நமது சிறிய ரெப்போ இருக்கட்டும் என்பதே என் கருத்து. மாங்கூழ் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு என்பதை மறைக்கவில்லை.

அதே சமயம், மாற்றி எழுதும் ஆசை ஆபத்தானது. 2006இல் டெபியனின் பராமரிப்பாளர் மறையாக்கச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் எச்சரிக்கைச் செய்தி ஒன்றை அடக்குவதற்காகச் சில வரிகளை நீக்கினார். 2008 மே மாதம்தான் விளைவு வெளியே தெரிந்தது. சீரற்ற எண் உருவாக்கத்துக்குச் செயல்முறை எண் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்) மட்டுமே மிஞ்சியிருந்தது. ஆகவே ஒரே வகைக் கணினியில், ஒவ்வொரு சாவி வகைக்கும் அளவுக்கும் 32,768 வெவ்வேறு சாவிகளுக்கு மேல் உருவாக வாய்ப்பே இல்லாமல் போயிற்று. அவ்வளவு பெரிய குழுவுக்கே அந்தக் கதி.

மாங்கூழ் | ஞாயிறு, பகல் 1.30

நன்றி ஐயா. அப்ப பழைய 32 பிட் மெஷின் என்ன ஆகும்? டெபியன் 13ல 32 பிட்டுக்குக் கெர்னலும் கிடையாது, இன்ஸ்டாலரும் கிடையாது. 2 ஜிபி ராம் வச்சிருக்கறவங்களுக்கு நாம கொடுக்கறது 32 பிட் ஐஎஸ்ஓதானே. அவங்களை நடுரோட்டுல விடறதா?

ஓசூர் நைட் ஷிப்டு | ஞாயிறு, பகல் 1.48

எத்தனை மெஷின் உண்மையிலயே 32 பிட்டுன்னு பார்த்திருக்கியா? டெர்மினல்ல எல்எஸ்சிபியு அடிச்சுப் பாரு. “32 பிட், 64 பிட்”னு ரெண்டும் வந்தா அது 64 பிட் மெஷின். ராம் கம்மின்னு நாமளே 32 பிட்டைத் திணிச்சு வச்சிருக்கோம். 2011லேருந்து பிள்ளைங்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டும் இருந்துச்சே, அது என் கைக்கு வந்த வரைக்கும் ஒண்ணு விடாம 64 பிட்தான். ராம்ல இருக்கறதைச் சுருக்கி வைக்கற இசட்ராம் போட்டு, எடை கம்மியான எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டாப் வச்சா 2 ஜிபில ஓடும். பறக்காது, ஓடும்.

நெஜமாவே 32 பிட்டுன்னா 2008ல வந்த ஆட்டம் என்270 பிராசசர் போட்ட குட்டி நெட்புக். அதை 12லயே விட்டுடலாம், நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரைக்கும் இருக்கு. ஃபயர்பாக்ஸே 32 பிட் லினக்ஸை 144ஆம் வெர்ஷனோட நிறுத்திடுச்சு. புது பிரவுசர் வராத மெஷினை வச்சு என்ன பண்ணுவ, தக்காளிப் பெட்டிக்கு முட்டுக் கொடுக்கலாம்.

மாங்கூழ் | ஞாயிறு, பகல் 2.10

ஆறுல அஞ்சு 64 பிட். இப்பத்தான் டியூஷன் சென்டர் சாருக்கு போன் பண்ணி அடிச்சுப் பார்க்கச் சொன்னேன். மொட்டை மாடிக்கு ஓடி ஓடி சொன்னார் பாவம்.

சரி, 32 பிட்டை விடறேன். ஐஎஸ்ஓவை விட மாட்டேன்.

காரிமங்கலம் 404 | ஞாயிறு, மாலை 4.00

நான் கட்டறேன் அண்ணா. ஐஎஸ்ஓ கட்டற லைவ்-பில்டு கருவி எனக்கு நல்லாத் தெரியும். அஞ்சு மாசமா நான் அனுப்பின திருத்தம் பதினாலு சேர்ந்திருக்கு, நீங்களே பார்த்துத்தான் சேர்த்தீங்க. சாவியை எனக்கு அனுப்பிடுங்க, பொங்கலுக்குள்ள 13 மேல ஐஎஸ்ஓ வந்துடும்.

ஓசூர் நைட் ஷிப்டு | ஞாயிறு, மாலை 4.22

ஒரு நிமிஷம். தம்பி, தப்பா எடுத்துக்காத. உன்னை யாருமே நேர்ல பார்த்ததில்ல.

எக்ஸ்இசட் கதை தெரியும்தானே? கோப்பைச் சுருக்கற நிரல், லாஸ்ஸே காலின் தனி ஆளா பார்த்துக்கிட்டிருந்த ப்ராஜெக்ட். ஜியா டான்னு ஒரு பேர் 2021லேருந்து ஒழுங்கா திருத்தம் அனுப்புச்சு. “ஏன் இவ்வளவு தாமதம், வேற ஆளைச் சேருங்க”ன்னு முகம் தெரியாத சிலர் காலினை நச்சரிச்சாங்க. அந்தப் பேருக்கே பொறுப்பு போச்சு. 2024ல 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் கொல்லைக்கதவு வச்சாச்சு. தூரத்து மெஷினுக்குள்ள நுழையற எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் தாமதமாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் குடைஞ்சு பார்க்கலன்னா, மார்ச் 29 அன்னிக்கு அது வெளிய வந்திருக்காது. டெபியனோட சோதனைப் பதிப்பான டெஸ்டிங் வரைக்கும் வந்துடுச்சு. எல்லாரும் பயன்படுத்தற ஸ்டேபிளுக்குப் போகாதது நம்ம நல்ல நேரம்.

களைச்சுப்போன ஒரே ஆள், உதவிக்கு வர்ற முகம் தெரியாத ஆள். நம்ம இழையை மேலேருந்து ஒருதடவை படிச்சுப் பாருங்க.

காரிமங்கலம் 404 | ஞாயிறு, மாலை 4.40

அதாவது நான் திருடன்.

பதினாலு திருத்தம் அனுப்பறப்ப யாரும் முகத்தைக் கேக்கல. கை கொடுக்க வந்தா ஆதார் கேக்கறீங்க. சரி, நீங்களே கட்டிக்கங்க.

அரூர் டிடிபி | ஞாயிறு, மாலை 5.05

இரு தம்பி, கோவிச்சுக்கிட்டு ஓடாத. காரிமங்கலத்துல எங்க?

காரிமங்கலம் 404 | ஞாயிறு, மாலை 5.30

சந்தைக்குப் பின்னாடி அக்கா.

அரூர் டிடிபி | ஞாயிறு, மாலை 5.33

அங்கிருந்து தர்மபுரி எவ்வளவு நேரமாயிடும். பஸ் ஏறி வந்தா பார்த்துடலாம். இதுக்குப் போயி.

பர்கூர் வாத்தியார் | ஞாயிறு, மாலை 6.15

அக்கா சொல்வதைத்தான் டெபியன்காரர்களும் செய்கிறார்கள். நேரில் சந்தித்து, அடையாள அட்டையைக் காட்டி, சாவியை அடையாளம் காட்டும் ‘கைரேகை’ எண்ணை ஒப்பிட்ட பிறகே ஒருவர் சாவியில் மற்றவர் கையொப்பமிடுவார். அது யாரையும் திருடன் என்று சொல்வதாகாது, எல்லாருக்கும் அதே வழக்கம். நைட் ஷிப்டு உட்பட நாம் எல்லாரும் காட்ட வேண்டும்.

இன்னொன்று: இருக்கும் சாவியை யாருக்கும் அனுப்பக் கூடாது. 404 தனக்கென ஒரு சாவி உருவாக்கட்டும், ரெப்போ இரண்டையும் ஏற்கட்டும். ஒருவர் விலகினால் அவர் சாவியை மட்டும் நீக்கிக்கொள்ளலாம்.

ஓசூர் நைட் ஷிப்டு | ஞாயிறு, மாலை 6.40

நானும் காட்டறேன். தம்பி, வார்த்தை கொஞ்சம் கடுசாப் போச்சு, மன்னிச்சிடு. ஆனா சொன்ன விஷயத்தை வாபஸ் வாங்கல.

மாங்கூழ் | ஞாயிறு, இரவு 7.20

கணவாய் அண்ணா, இப்படி வச்சுக்கலாமா? ஐஎஸ்ஓ இருக்கும். உள்ள நாம மாத்தின பேக்கேஜ் ஒண்ணு கூட இருக்காது. எல்லாமே டெபியன் 13ல இருக்கற அதே பேக்கேஜ், மேல உங்க மெட்டா பேக்கேஜ், நெட் இல்லாத ஊருக்குத் தேவையானது எல்லாம் பென்டிரைவ்லயே. 1001ன்னு ஒரு வரி எங்கயும் கிடையாது. பாதுகாப்புத் திருத்தம் நேரா டெபியன்லேருந்து வந்துடும், நீங்க ஆஸ்பத்திரில இருந்தாலும் வரும்.

தொப்பூர் கணவாய் | ஞாயிறு, இரவு 7.45

டைப்ரைட்டர் விசைப்பலகைக் கோப்பு? அதையும் நாமளே வச்சிருக்கோமே.

மாங்கூழ் | ஞாயிறு, இரவு 7.52

அது டெபியன்ல இருக்கற எம்17என் விசைப்பலகைத் தொகுப்புலயே இருக்குண்ணா. தமிழ்99 பக்கத்துலயே டைப்ரைட்டரும் இருக்கு. இப்பத்தான் பார்த்தேன். 🙈

தொப்பூர் கணவாய் | ஞாயிறு, இரவு 8.10

இத்தனை வருஷமா நாம எதைத்தான் பராமரிச்சோம்?

சரி. ஒரு வெளியீடு இப்படிப் பார்ப்போம். கட்டறது மாங்கூழும் 404ம். நான் சரிபார்க்கறேன், அவ்வளவுதான். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் காணாம போனா ஐஎஸ்ஓவை நிறுத்துவேன், அப்ப யாரும் வந்து அழக்கூடாது. வால்பேப்பர்ல ஒகேனக்கல் போடறதைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க.

வர்ற ஞாயிறு காலை பத்து மணி, தர்மபுரி நாலு ரோடு, டீக்கடை. அட்டையைக் காட்டினா போதும், நகல் யாரும் எடுக்க வேண்டாம். 404, வர்றியா?

காரிமங்கலம் 404 | ஞாயிறு, இரவு 9.02

வர்றேன். சாவி புதுசா உருவாக்கிட்டேன். கைரேகை நாப்பது எழுத்து, போன்ல காட்டினா ஒத்துக்குவீங்களா?

அரூர் டிடிபி | ஞாயிறு, இரவு 9.10

போன்லலாம் வேண்டாம், கையில கொண்டு வந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தா வாசிக்கணும். எல்லாரும் அவங்கவங்க எண்ணை அனுப்புங்க, நானே அடிச்சு எடுத்துட்டு வர்றேன். வந்ததும் உங்க போன்ல இருக்கறதோட சரியா இருக்கான்னு நீங்களே பார்த்துக்கங்க.

புதுப் பிரிண்டர்ல. இதுக்கு யாரும் பேக்கேஜ் கட்ட வேண்டாம்.