கார்ட் டவுனியின் கடைசி மாதங்கள்: வீட்டார் ஏன் தடுக்கவில்லை?

ஸ்காபரோ_வாசகி:
கனடாவில் வதிவிடப் பள்ளிகளில், அதாவது பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைத்த பள்ளிகளில், பாதிக்கப்பட்டவர்களுக்கான செப்டம்பர் 30 நினைவுநாளை ஒட்டி மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சானி வென்ஜாக் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கெனோரா பக்கம் இருந்த வதிவிடப் பள்ளியிலிருந்து 1966 அக்டோபரில் தப்பி, ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு ரயில் பாதையோரமாகவே நடந்து, வழியில் குளிரில் இறந்துபோன 12 வயதுப் பையன். அவனுக்காகப் பாட்டு எழுதிய கனடிய ராக் பாடகர் கார்ட் டவுனியைப் பற்றித் தேடிப் படித்தேன். மூளையில் புற்றுநோய், குணமாகாது என்று தெரிந்துவிட்டது, நான்கு பிள்ளைகள் வேறு. இருக்கிற கொஞ்ச காலத்தையும் இதற்கே கொடுக்கிறாரே என்று வீட்டார் மறிக்கவில்லையா? எங்கள் வீடாக இருந்தால் பேசாமல் படுத்திருங்கள் என்றுதான் சொல்லியிருப்போம்.

நடைவண்டி:
மறிக்கவில்லை அக்கா, கூடவே போனார்கள். சானியின் கதையை அவருக்குச் சொன்னதே சகோதரர் மைக்தான், அந்தப் பாட்டுகளும் நோய் தெரிய வருவதற்கு முன்பே எழுதியவை. 2016 ஆகஸ்ட் 20 கிங்ஸ்டன் கச்சேரியில், பிரதமர் ட்ரூடோ கூட்டத்தில் இருக்கும்போதே, வடக்கே இருக்கிற பூர்வகுடி மக்களைக் கவனியுங்கள் என்று மேடையிலிருந்து கேட்டார். அடுத்த மாதமே சகோதரர்களோடு சானியின் ஊரான ஒகோகி போஸ்ட் போய் சானியின் குடும்பத்தைப் பார்த்தார். அப்போது ஞாபகம் அவ்வளவு போயிருந்தது: தொலைக்காட்சியில் செய்தியாளர் பீட்டர் மான்ஸ்பிரிட்ஜ் பேட்டி எடுத்தபோது மான்ஸ்பிரிட்ஜின் பெயரைக் கையில் எழுதி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், பல வருடப் பழக்கம் இருந்தும். அப்படிப்பட்டவரை அத்தனை தூரம் கூட்டிப்போய் வருவது சின்ன வேலையா? என்னைக் கேட்டால் அதுவும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதுதான். 2017 அக்டோபர் 17 இரவு பிள்ளைகளும் உறவுகளும் அருகிலிருக்க இறந்தார்.

வடக்குத்தெரு:
டவுனி மேல் மரியாதை உண்டு. ஆனால் சானியின் அக்கா தங்கைகள் இந்தத் துக்கத்தை ஐம்பது வருடம் கேட்பாரில்லாமல் சுமந்தவர்கள், பேச்சை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்னொரு குடும்பத்தையும் பாருங்கள். வதிவிடப் பள்ளிகளில் நடந்ததை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கிய மரி சின்க்ளேர், அனிஷினாபே என்ற பூர்வகுடிச் சமூகத்தவர், நீதிபதியாக இருந்தவர், வதிவிடப் பள்ளிகளில் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சொன்னதை வருடக்கணக்காக உட்கார்ந்து கேட்டவர். 2015-இல் வந்த 94 பரிந்துரைகள் அந்த ஆணைக்குழுவுடையவை. 2024 நவம்பர் 4 அன்று அவர் வின்னிபெக்கில் இறந்ததும் மனிடோபா சட்டமன்றத்தின் முன்னால் புனிதத் தீ மூட்டினார்கள், யாரும் வந்து அதில் காணிக்கையாகப் புகையிலை இடலாம் என்று குடும்பம் அழைத்தது. அதே வருடம்தான் அவருடைய மனைவியும் இறந்துபோயிருந்தார். அந்த நிலையிலும் வாசலைத் திறந்து வைத்தார்களே, அதை நினைத்தால் எனக்குப் பேச்சு வராது.

ஸ்காபரோ_வாசகி:
நன்றி இருவருக்கும். சின்க்ளேர் பற்றி மகளுக்கு இன்னும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது, நானே சொல்கிறேன். சரி, அந்த மான்ஸ்பிரிட்ஜ் பேட்டி முழுதாக எங்கே கிடைக்கும்? அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.