ஜவ்வாது மலைச் சரிவில் வரிசையாக நிற்கும் கற்கள்: பழசா இல்லையா, எப்படித் தெரிந்துகொள்வது?

வேளச்சேரி வாசி:
சென்னையிலிருந்து மலையேறப் போகும் குழு எங்களுடையது. ஜவ்வாது மலையில் ஊர்ப்பாதையை ஒட்டிய சரிவில் ஒன்பது கற்கள் நட்டுவைத்த மாதிரி நிற்கின்றன. பெரியது ஆள் உயரத்துக்கு மேல், மற்றவை இடுப்பளவு. கொஞ்சம் தள்ளி, பாதி புதைந்த கல்வட்டம் மாதிரியும் தெரிகிறது. ஊரில் ‘வாலியர் வீடு’ (முன்காலத்து மனிதர்களின் வீடு) என்கிறார்கள். பெரிய கற்களால் ஈமச்சின்னம் கட்டிய பெருங்கற்காலம்தானா? என்ன அளவெடுக்க வேண்டும்? அடியில் லேசாகத் தோண்டிப் பார்க்கலாமா?

கல்லும் மண்ணும்:
தோண்டவே கூடாது சார். கல்லைச் சோதித்தால் பாறை உருவான காலம்தான் வரும். நட்ட காலத்தைச் சொல்வது அடிக்குழி மண். அந்த மணல்துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று ஓ.எஸ்.எல். என்ற ஒளிவழிக் காலக்கணிப்பு முறையில் கணிக்கிறார்கள். நீங்கள் கிளறி வெளிச்சம் பட்டால் அந்த மண்ணில் சேர்ந்திருந்த கணக்கு அழிந்துவிடும். காலம் கணிக்க உதவும் கரித்துண்டும் கிடந்த அடுக்கை விட்டு நகர்ந்தால் மதிப்பில்லை.

குத்துக்கல் எல்லாம் பழசு கிடையாது. முதலில் பக்கத்துப் பாறையைப் பாருங்கள். அதன் வெடிப்பு ஓடும் திசையிலேயே எல்லாக் கல்லும் நின்றால், பாறையோடு ஒட்டியும் இருந்தால், அது இயற்கை. நட்ட கல்லென்றால் அடியைச் சுற்றி முட்டுக்கல் செருகியிருப்பார்கள். மழை அரித்த பக்கத்தில் தோண்டாமலே தெரியும். விளிம்பில் சம இடைவெளியில் உளித்துளை இருந்தால் பிற்காலத்து உடைப்பாக இருக்கலாம். ஓடை, குட்டை ஓரம் தனியாக நிற்பது மாடு உரசும் ஆவுரிஞ்சு கல்லாக இருக்கலாம். வனத்துறை எல்லைக்கல், சர்வே கல் இவற்றில் எண்ணோ அம்புக்குறியோ இருக்கும்.

உங்கள் இடத்தில் எனக்கு நம்பிக்கை தருவது ஒன்பது கல் இல்லை, அந்த வட்டம். கல்வட்டத்தின் பக்கம் கருப்பு-சிவப்புப் பானை ஓடு, இரும்புக் கசடு கிடந்தால் ஈமக்காடு, அதாவது பழங்கால இடுகாடு என்பதற்கு நல்ல அடையாளம். எடுக்காதீர்கள், கிடந்த இடத்திலேயே படம் பிடியுங்கள். அந்த ஓடு எப்படி இருக்கும் என்று போவதற்கு முன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்து வையுங்கள், காட்டில் வெறும் செம்மண் ஓடோடு குழம்பாது.

நாடாவும் திசைகாட்டியும்:
அளவு விஷயம் நான் சொல்கிறேன். போன் ஜி.பி.எஸ். மரத்தடியில் பத்து மீட்டர்கூடத் தவறும். அதை ஒரு கல்லுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற எட்டையும் 30 மீட்டர் நாடாவில் அந்தக் கல்லிலிருந்து அளந்து வரைபடம் போடுங்கள். சரிவு என்பதால் நாடாவைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும்; தரையோடு பிடித்தால் 20 டிகிரிச் சரிவில் ஆறு சதவீதம் கூடுதலாக வரும். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள்.

ஒவ்வொரு கல்லுக்கும் உயரம், அகலம், தடிமன், சாய்வு, அகன்ற முகம் பார்க்கும் திசை. காந்த மூடியுள்ள போன் உறை, கத்தி எல்லாம் தள்ளி வையுங்கள். முதல் கல்லிலிருந்து ஒன்பதாவதுக்கும், திரும்ப அங்கிருந்து முதலாவதுக்கும் திசைகாட்டியில் பார்த்தால் 180 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். வரவில்லை என்றால் பாறையில் இரும்பு இருக்கிறது, திசைகாட்டியை நம்பாதீர்கள். திருவண்ணாமலை பக்கம் கவுத்தி மலை, சேலத்தில் கஞ்சமலை எல்லாம் இரும்புத்தாது மலைகளே.

படம் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், அளவுகோல் வைத்து, ஒவ்வொன்றும் முந்தையதோடு 70 சதவீதம் மேற்படியும்படி சுற்றிவந்து எடுங்கள். எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் தேய்ப்பது, பாசியைச் சுரண்டுவது வேண்டாம்.

வேளச்சேரி வாசி:
நன்றி. வரிசை கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகத்தான் இருக்கிறது. சூரியனோடு தொடர்பு இருக்குமா?

நாடாவும் திசைகாட்டியும்:
அவசரப்படாதீர்கள். நம் ஊர் அட்சரேகையில் சூரியன் வருஷம் முழுக்க நேர்க்கிழக்கிலிருந்து இருபக்கமும் சுமார் 24 டிகிரிக்குள் உதிக்கிறது. ஆகவே ‘கிட்டத்தட்ட கிழக்கு’ என்ற எந்த வரிசையும் ஏதோ ஒரு நாள் சூரியனைச் சுட்டும்! மேலும் எதிரே கிழக்கில் உள்ள மலைமுகடு 5 டிகிரி உயரமாக இருந்தால் உதயம் ஒரு டிகிரி தெற்கே நகரும். முகட்டின் கோணத்தையும் குறித்து வாருங்கள், பிறகு பேசலாம்.

பழைய ஃபைல்:
முதலில் ஒன்று: இந்தத் திரியில் ஊர்ப் பெயரை யாரும் போட வேண்டாம், படத்தில் ஜி.பி.எஸ். தகவலையும் நீக்கிவிட்டுப் பதிவிடுங்கள். கற்பதுக்கை (பலகைக் கற்களால் ஆன பழைய கல்லறை), கல்வட்டம் எல்லாம் புதையல் ஆசைக்காரர்கள் குழி பறித்தே நாசமாகியிருக்கின்றன.

எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் மாநிலத் தொல்லியல் துறை இருக்கிறது. வரைபடம், அளவு அட்டவணை, படங்கள் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் விரிந்து கிடப்பதால் வட்டம், கிராமம், முடிந்தால் சர்வே எண் போட வேண்டும். இல்லாவிட்டால் மனு எந்த மாவட்டத்துக்குப் போவது என்றே சுற்றும். காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் திரும்பப் போகாதீர்கள். ஏதாவது பொருளை எடுத்து வந்திருந்தால் அது வேறு சிக்கல்: 1878 புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பென்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம், ‘வாலியர் வீடு’ என்று சொன்ன பெரியவர்களிடம் வேறு எங்கெல்லாம் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு அந்த மனுவிலேயே சேருங்கள்.