செல்ஃப் அசெம்ப்ளி: தன்னொருங்கமைவா, தற்கூடலா?

நண்பர்களுக்கு வணக்கம். நானோ தொழில்நுட்பப் பாடநூலின் டிஎன்ஏ அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். 'செல்ஃப் அசெம்ப்ளி', அதாவது துண்டுகள் தாமாகவே சேர்ந்து ஓர் உருவமாவது, இதற்குத் தமிழ்ச் சொல் தேடி நிற்கிறேன். 2006இல் விஞ்ஞானி பால் ராத்மண்ட் செய்த டிஎன்ஏ ஒரிகாமி, அதாவது டிஎன்ஏ இழையைக் காகிதம்போல் மடித்து உருவம் செய்வது, அதுதான் இந்தச் சொல் வரும் இடம். எம்13 வைரஸின் நீண்ட ஒற்றை இழை, 7249 நியூக்ளியோடைடு (டிஎன்ஏவின் அடிப்படை அலகு) நீளம். கூடவே இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி இழைகள். மக்னீசியம் கலந்த கரைசலில் 95 டிகிரிக்குச் சூடாக்கி ஆறவிட்டால், ஒவ்வொரு குட்டி இழையும் தன் இடத்தைப் பிடித்து நீண்ட இழையை மடக்கிவிடுகிறது. சுமார் 100 நானோமீட்டர் அகலத்தில் ஒரு சிரித்த முகம்! யாரும் கையால் எதையும் பொருத்தவில்லை. 'தன்னொருங்கமைவு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

* * *

வேண்டாமே. செல்ஃப் ஆர்கனைசேஷனை (தானாகவே ஒழுங்கு உருவாவதை) வகுப்பில் 'தன்னொழுங்கமைவு' என்று நடத்துகிறேன். ரு, ழு தவிர வேறுபாடில்லை. வாயால் சொன்னால் மாணவர்கள் குழம்புவார்கள். 'தற்கூடல்' போதும்.

* * *

> 'தற்கூடல்' போதும்

அம்மா, தற்கொலை, தற்காப்பு இரண்டிலும் செயல் தன்மீதே பாய்கிறது. இங்கே ஓர் இழை தன்னோடு கூடவில்லை, இன்னொன்றோடு கூடுகிறது. இழைகளும் பல, 'தான்' ஒருமை, 'தாம்' பன்மை. முக்கியமானது இது: கூடு தன்வினை, கூட்டு பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அசெம்பிள்தான், அதனால் 'செல்ஃப்' தேவைப்பட்டது. நமக்குக் 'கூடல்' என்றாலே பிறர் கை இல்லை. பிரிந்த தலைவி கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து, முனைகள் சேர்கின்றனவா என்று பார்ப்பதும் 'கூடல் இழைத்தல்'தான். 1982இல் விஞ்ஞானி நேட்ரியன் சீமன் டிஎன்ஏ துண்டுகளை வலைப்பின்னலாக்க நம்பியதும் ஒட்டும் முனைகளை, அதாவது பொருத்தமான இன்னொரு முனையோடு சேரும் ஒற்றை இழை நுனிகளைத்தானே? இழை, இழைத்தல், கூடல், எல்லாம் நம்மிடமே இருக்கின்றன.

* * *

ஐயா, படிக்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் வெறும் 'கூடல்' என்றால் மாணவர் மனம் வேறெங்கோ போகும். 'தானியங்கி' எல்லாருக்கும் தெரியும், பன்மையிலும் 'தானியங்கிகள்'தான். அதே வழியில் 'தானிணைவு' என்போமே?

* * *

இரண்டு இழைகள் ஜோடி சேர்வதை அத்தியாயம் முழுக்க 'இணைவு' என்று எழுதிவிட்டேன். நூற்றுக்கணக்கான இணைவுகள் சேர்ந்து ஓர் உருவம் எழுவது வேறு படி. அதற்கும் அதே சொல் ஆகாது. அப்போ 'தானமைவு'? தனிமடலில் மூவர் சரி என்கிறார்கள். அதையே போட்டு, முதலில் வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் செல்ஃப் அசெம்ப்ளி என்றும் கொடுக்கிறேன்.

* * *

'தாமமைவு' என்றாவது திருத்துங்கள். அமைவு நின்ற நிலையைச் சொல்கிறது, கூடுகிற செயல் அதில் இல்லை. நான் இதற்கு உடன்படவில்லை.