பதில்: மேலக்காட்டு வேலிக்கு ரூ. 85,000

அனைவருக்கும் வணக்கம்.

மஸ்கட் மாமா, உங்கள் மடலைப் பார்த்தேன். நம் பூம்பாறை மேலக்காட்டில் பெரியப்பா நிலத்தில் நட்ட மரக்கன்றுகளைக் காட்டுமாடு மேயாமல் இருக்க வேலி, அதற்கு ஊர்ச் சங்கத்தில் ஆளுக்கு ஐயாயிரம் கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன் என்று சொல்லவில்லை, கணக்கைச் சொல்லுங்கள் என்கிறேன்.

அரசின் பசுமைப் போர்வைத் திட்டத்தில் கன்று இலவசம். அப்புறம் இரண்டாம் வருடத்திலிருந்து நான்காம் வருடம் வரை, உயிரோடு நிற்கிற கன்றுக்கு வருடம் 7 ரூபாய். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் டீ கூட வராது. நட்டது 320 கன்று. ஒன்றுகூடச் சாகாவிட்டாலும் மூன்று வருடத்துக்கு 6,720 ரூபாய், அதுவும் பெரியப்பா கைக்கு. வேலி சங்கக் காசில், மரம் அவர் பட்டாவில்.

சரி, கன்றாவது நிற்கிறதா? போன மாதம் பூம்பாறைக்குப் போன சின்னம்மா மேலக்காடு வரை ஏறிப் பார்த்திருக்கிறார். ஒரு கன்றை லேசாகப் பிடித்ததும் கையோடு வந்துவிட்டதாம். கறுப்புப் பையைக் கிழிக்காமலே குழியில் இறக்கியிருக்கிறார்கள்; வேர் உள்ளேயே சுருண்டு கிடக்கிறது. அதுவும் தேக்கு! மார்கழியில் உறைபனி விழுகிற காட்டில் தேக்கு வைத்தால் காட்டுமாடு வரும்வரை அது காத்திருக்குமா?

பதினைந்து வருடத்தில் வெட்டி விற்றுச் சங்கத்துக்குத் திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். மலையில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் வருடச் சட்டப்படி மாவட்டக் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும் மாமா. அதைப் பெரியப்பாவிடம் யாராவது சொன்னீர்களா?

சிங்கப்பூர் அத்தானுக்கு ஊர் மானம் முக்கியம், புரிகிறது. வேலி போடாவிட்டால் பக்கத்து ஊர்க் கூக்கால்காரன் சிரிப்பான் என்கிறார். சங்கக் காசில் வாங்கிய தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு இன்னும் ரசீது வராததற்கு யார் சிரிப்பது?

மேலக்காடு என்றால் எனக்குப் பூண்டுதான். அப்பத்தா கொத்துக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேல் புகையில் தொங்கவிடுவார். பள்ளிக்கூடத்துச் சட்டையில்கூட அந்த வாசம். இன்று களையெடுக்க ஆளில்லை, பன்றி கிழங்கோடு கிளறிவிட்டுப் போகிறது. மரம் வைப்பது தப்பில்லை. பழனியடிவார மரத்தை வைக்காமல் நம் சோலை நாவலை வைத்திருக்கலாம். யூக்கலிப்டஸும் வாட்டில் மரமும் வைத்த பிறகு ஊற்று என்னவாயிற்று என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா போய் உயிரோடு நிற்கிற கன்றுகளை எண்ணுகிறார். உங்கள் வீட்டுப் பையன் ஒருத்தனையும் கூட அனுப்புங்கள், பிறகு நான் பொய் சொன்னதாகப் பேச்சு வரக்கூடாது. எண்ணிக்கை வந்ததும் என் ஐயாயிரத்தைப் பற்றிப் பேசலாம்.

ஷார்ஜாவிலிருந்து,
கீழவீட்டு மகன்